தொப்புள் கொடி ரத்தம் சேமிக்க நினைக்கிறீர்களா? வலி எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை

குழந்தை பிறந்ததும் கொடியைக் கட்டி வெட்டுகிறோம். குழந்தை அம்மாவின் மார்புக்குப் போய்விடும், எல்லார் கண்ணும் அங்கேதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடி வெளியே வரும், முழுசாக வந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மருத்துவக் கழிவுப் பையில் போட்டுவிடுவோம். அந்த நஞ்சுக்கொடியிலும் அதில் தொங்கும் கொடியிலும் இன்னும் அரை டம்ளர் ரத்தம் மிச்சம் இருக்கும். ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பிள்ளைக்கோ தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயோடு பிறந்த ஒரு பிள்ளைக்கோ புது ரத்தம் ஊற வைக்கக்கூடிய ஸ்டெம் செல்கள் அதில் இருக்கின்றன.

நான் பிரசவ அறையில் நர்ஸ். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும்போதே "சிஸ்டர், கொடி ரத்தம் எடுத்து வைக்கலாமாமே, இப்ப சொன்னா எடுத்துடுவீங்களா?" என்று கேட்கும் பெண்கள் நிறைய. அந்த நேரத்தில் பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பை இருக்காது, சம்மதப் படிவம் இருக்காது, கொடி ரத்தம் சேமிக்கும் எந்த வங்கியிலும் பதிவும் இருக்காது. ரத்தம் எடுக்க ஆவது 5 முதல் 10 நிமிடம்தான், ஆனால் அதற்கான ஏற்பாட்டை ஆறாவது ஏழாவது மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். எனக்குத் தெரிந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

முதலில் இது எதற்கு உதவும் என்று பார்ப்போம். கொடி ரத்தத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள் ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச் செல்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் அவற்றிலிருந்துதான் வரும். நோயாளியின் கெட்டுப்போன எலும்பு மஜ்ஜையை மருந்தாலும் தேவைப்பட்டால் கதிர்வீச்சாலும் அழித்துவிட்டு, இந்தச் செல்களைச் சாதாரணமாக ரத்தம் ஏற்றுவது போலவே குழாய் வழியாக ஏற்றுவார்கள். அவை உடம்பெல்லாம் சுற்றி, தாமாகவே எலும்புக்குள் போய் வேர் பிடித்து, புது ரத்தம் தயாரிக்க ஆரம்பிக்கும்.

இதை முதன்முதலில் செய்தது 1988 அக்டோபரில், பாரிஸில் உள்ள செயின்ட் லூயி மருத்துவமனையில், எலியான் க்ளுக்மன் என்ற மருத்துவரின் குழு. நோயாளி, ஃபேன்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோயோடு பிறந்த 5 வயதுப் பையன். அவனுடைய தங்கை பிறந்தபோது அவளுடைய கொடி ரத்தத்தை அமெரிக்காவில் எடுத்து, ஹால் பிராக்ஸ்மேயர் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உறைய வைத்து, அப்படியே பாரிஸுக்குக் கொண்டுபோய் ஏற்றினார்கள். பையன் பிழைத்தான், வளர்ந்து பெரியவனானான். அதுவரை குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த ஒன்று அன்றிலிருந்து மருந்தானது. அப்புறம் 1992-ல் நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டீன், தானமாக வரும் கொடி ரத்தத்தைப் பொருந்தும் யாருக்கும் தரும் முதல் பொது வங்கியைத் தொடங்கினார், அதற்கு அடுத்த வருடமே உறவே இல்லாத நோயாளிக்கும் கொடி ரத்தம் ஏற்றப்பட்டது. இன்றுவரை உலகம் முழுக்க 40,000-க்கும் மேற்பட்ட கொடி ரத்த மாற்று சிகிச்சைகள் நடந்திருக்கின்றன.

பெரியவர்களிடமிருந்து மஜ்ஜை எடுக்கலாமே, கொடி ரத்தம் எதற்கு என்று கேட்கலாம். பெரியவர் ஒருவர் தானமாகத் தரும்போது எச்எல்ஏ என்ற திசு அடையாளங்கள் கிட்டத்தட்ட முழுசாகப் பொருந்த வேண்டும். கொடி ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் செல்கள் இன்னும் வெளியுலகத்தைப் பார்க்காதவை, அதனால் பார்க்கும் 6 அடையாளங்களில் 4 பொருந்தினாலே பல சமயம் பயன்படுத்திவிடலாம். புகுந்த செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும் சிக்கலும் இதில் குறைவாகவே வருகிறது. கொடையாளிகளின் பதிவேடுகளில் தங்கள் இனத்தவர் அதிகம் இல்லாதவர்களுக்கும் கலப்பு வம்சாவளியினருக்கும் பொருத்தமான கொடையாளி கிடைப்பது குதிரைக் கொம்பு. அவர்களுக்குப் பல நேரம் இந்தப் பைதான் கடைசி வழி.

குறையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பையில் இருக்கும் செல்கள் கொஞ்சம்தான், வேர் பிடிக்கவும் 3 முதல் 4 வாரம் ஆகலாம், அதுவரை நோயாளி கிருமித் தொற்றுக்கு எதிராகக் கிட்டத்தட்ட வெறுங்கையோடு இருப்பார். இதைச் சமாளிக்க இரண்டு பைகளைச் சேர்த்து ஏற்றுவதும் உண்டு. செல்களை ஆய்வகத்தில் பெருக்கித் தரும் ஒமிடுபிசெல் என்ற சிகிச்சைக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும். நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 2.5 கோடி செல் வேண்டும் என்பது பொதுவான அளவு. 20 கிலோ குழந்தைக்கு 50 கோடி. 60 கிலோ பெரியவருக்கு 150 கோடி. கொடி ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய ஒரு கோடி செல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லி பை ஒரு சின்னக் குழந்தைக்கு மட்டும்தான் போதும். அதனால்தான் பொது வங்கிகள் 90 கோடி, 150 கோடி என்று ஆளுக்கொரு வரம்பு வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே வரும் பைகளைச் சேமிப்பதில்லை. பையில் எத்தனை மில்லி விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யாருக்காக எடுக்கிறீர்கள்?

படிவம் நிரப்புவதற்கு முன்பு இதற்குப் பதில் வேண்டும். மூன்று வழி இருக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே தாலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை, ரத்தப் புற்றுநோய், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத நோய் இப்படி ஏதாவது உள்ள பிள்ளை இருந்து, அடுத்த குழந்தை வயிற்றில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளின் எச்எல்ஏ முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மூத்த பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும் ரத்தநோய் மருத்துவரிடம் கர்ப்பம் உறுதியான உடனேயே சொல்லிவிடுங்கள். குறிப்பிட்ட நோயாளிக்காக என்று பெயர் போட்டுச் சேமிக்க அவர் கடிதம் தர வேண்டியிருக்கும், பல வங்கிகள் இதைக் கட்டணமே வாங்காமலோ குறைத்தோ செய்வதுண்டு. பிறக்கப்போகும் குழந்தைக்கும் அதே பரம்பரை நோய் இருந்தால் அந்த ரத்தம் உதவாது, ஆகவே பிறந்த பிறகு அந்தப் பரிசோதனையும் நடக்கும்.

வீட்டில் அப்படி யாரும் இல்லையா? அப்படியானால் பொது வங்கிக்குத் தானமாகக் கொடுங்கள். உங்களுக்குச் செலவு கிடையாது. உங்கள் பெயர் நீக்கப்பட்டு ஒரு குறியீட்டு எண்ணோடு பை உலகப் பதிவேட்டில் ஏறும், எந்த நாட்டு நோயாளிக்குப் பொருந்தினாலும் போய்ச் சேரும். ஒரு நிபந்தனை: எல்லா மருத்துவமனையிலும் பொது வங்கிக்காக எடுக்கும் வசதி இருக்காது. நீங்கள் பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் ரத்தம் எடுக்கும் பை அடங்கிய கிட்டைத் தபாலில் அனுப்பும் பொது வங்கி ஏதாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி, பணம் கட்டித் தனியார் வங்கியில் நம் குழந்தைக்கே என்று சேமிப்பது. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கர்ப்பிணிகளின் பயத்தைத் தொட்டு விற்கும் விளம்பரங்களை நான் தினமும் பார்க்கிறேன்.

"80 நோய்களுக்கு மருந்து" என்று போட்டிருப்பார்கள். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையால் குணமாகும் நோய்களின் பட்டியல் அது. அதில் பெரும்பாலானவற்றுக்கு வேறொருவரின் செல்தான் வேண்டும், சொந்தச் செல் உதவாது. தாலசீமியா மரபணுவில் உள்ள கோளாறு, அதே கோளாறு குழந்தையின் சொந்தக் கொடி ரத்தத்திலும் இருக்கும். குழந்தைப் பருவத்தில் வரும் ரத்தப் புற்றுநோய்களில் பலவற்றுக்கு விதையான மாற்றம் பிறக்கும்போதே ரத்தத்தில் இருந்திருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ரத்தத்தைத் திரும்ப அந்தப் பிள்ளைக்கே ஏற்ற எந்த மருத்துவரும் தயங்குவார். தன்னுடைய கொடி ரத்தம் தனக்கே தேவைப்படும் வாய்ப்பு முதல் 20 வருடத்தில் 0.04 சதவீதத்திலிருந்து 0.0005 சதவீதம் வரைதான் என்று அமெரிக்க ரத்த, மஜ்ஜை மாற்று சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் 2008-ல் கணக்குச் சொன்னது. அதாவது 2,500 பேரில் ஒருவர் முதல் 2 லட்சம் பேரில் ஒருவர் வரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-ல் வெளியிட்ட அறிக்கையில், பொது வங்கியில் உள்ள பைகள் தனியார் வங்கிப் பைகளைவிடச் சுமார் 30 மடங்கு அதிகம் பயன்படுகின்றன என்று இருக்கிறது.

மூளை வாதம், ஆட்டிசம் பற்றியும் சொல்வார்கள். ஆராய்ச்சி நடக்கிறது, உண்மைதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கொடி ரத்தம் ஏற்றிப் பார்த்து டியூக் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் முக்கியமாக அளக்க நினைத்த சமூகப் பழக்கத்தில் முன்னேற்றம் தெரியவில்லை. கொடி ரத்தத்தோடு கொடியின் திசுவையும் சேர்த்து வையுங்கள், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் போதும் என்பார்கள். அந்தத் திசுவை நம்பி இன்று வழக்கமான சிகிச்சை எதுவும் இல்லை, அந்தப் பணத்தைக் குழந்தைக்கு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் தனியாகச் சேமிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் அது உங்கள் உரிமை. குற்ற உணர்ச்சியிலோ, மற்றவர்கள் செய்கிறார்களே என்ற பதற்றத்திலோ மட்டும் செய்யாதீர்கள். வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது வங்கிகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் ஃபாக்ட் அல்லது ஏஏபிபி அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதுவரை எத்தனை பைகளைச் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேளுங்கள், சேமித்தது எத்தனை என்ற எண்ணைச் சொல்லி நழுவ விடாதீர்கள். செல் எண்ணிக்கை குறைவாக வந்தால் உடனே சொல்வார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா? நிறுவனம் மூடப்பட்டால் பை எங்கே போகும்? வருடக் கட்டணம் கட்டத் தவறினால் என்ன ஆகும், எதிர்காலத்தில் கட்டணம் ஏறுமா? எல்லாவற்றுக்கும் பதில் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், போனில் இனிமையாகச் சொன்னது கணக்கில் வராது.

எப்போது, என்ன செய்ய வேண்டும்

28-வது வாரத்திலிருந்து 34-வது வாரத்துக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். ஒரு நீளமான கேள்வித்தாள் தருவார்கள். குடும்பத்தில் பரம்பரை நோய், புற்றுநோய், நீங்கள் போன ஊர்கள், பச்சை குத்தியது, ரத்தம் ஏற்றிக்கொண்டது எல்லாம் கேட்பார்கள். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், இந்த ரத்தம் போய்ச் சேரப்போவது எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஒரு நோயாளியின் உடம்புக்கு. இரட்டைக் குழந்தைகள் என்றால் பொது வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை, இரண்டு பைகள் மாறிவிடும் அபாயம் இருப்பதால். குறைமாதப் பிரசவமானாலும், பிரசவத்தின்போது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாலும், பனிக்குட நீர் கெட்ட வாடை அடித்தாலும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

கிட் வீட்டுக்கு வந்தால் பிரசவப் பையோடு சேர்த்து அறை வெப்பத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடவும் வேண்டாம். காலாவதித் தேதியைப் பாருங்கள். அப்புறம் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். வலி எடுத்து உள்ளே வந்ததும் டியூட்டியில் இருக்கும் நர்ஸிடம் "கொடி ரத்தம் எடுக்கணும், கிட் இந்தப் பையில இருக்கு" என்று கூட வந்தவர் திரும்ப ஒரு தடவை சொல்ல வேண்டும். ஷிஃப்ட் மாறினால் இன்னொரு தடவை. நாங்கள் மறக்க வேண்டும் என்று மறப்பதில்லை, நள்ளிரவில் மூன்று பிரசவம் ஒரே நேரத்தில் நடக்கும்போது கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி யார் கண்ணிலும் படாது.

குழந்தைக்கு முதலில், பைக்கு அப்புறம்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். குழந்தை வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் கொடி துடித்துக்கொண்டிருக்கும். தொட்டுப் பார்த்தால் விரலுக்கு அடியில் நாடித் துடிப்பு தெரியும். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் குழந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதோடு பல மாதத்துக்குத் தேவையான இரும்புச் சத்தும் போகிறது. ஒரு நிமிடத்துக்குள் கொடியைக் கட்டிவிட வேண்டாம், 1 முதல் 3 நிமிடம் பொறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரியும் நல்லபடியாகப் பிறந்த குழந்தைக்குக் குறைந்தது 30 முதல் 60 விநாடி பொறுக்கச் சொல்கிறது, ரத்தம் சேமிப்பதற்காக இந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது.

பொறுக்கப் பொறுக்கப் பைக்கு வரும் ரத்தம் குறையும் என்பது நிஜம். ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு எடுத்தாலும் பல நேரம் போதுமான அளவு கிடைக்கும், மூன்று நிமிடம் போனால் பெரும்பாலும் கிடைக்காது. குழந்தையா பையா என்று வந்தால் குழந்தைதான். வீட்டில் நோயுள்ள பிள்ளைக்காக எடுக்கிறீர்கள் என்றால் மட்டும், எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று மகப்பேறு மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து முன்பே முடிவு செய்யட்டும். பிறந்த குழந்தை அழாமல் தொய்ந்து இருந்தாலோ அம்மாவுக்கு ரத்தப்போக்கு அதிகமானாலோ நாங்கள் பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். அப்போது எங்களிடம் கோபப்படாதீர்கள்.

எப்படி எடுக்கிறோம்

கொடியை இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டியாயிற்று. குழந்தை அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கொடியின் ஒரு நுனி கிளாம்போடு தொங்குகிறது, மறுநுனி இன்னும் உள்ளே நஞ்சுக்கொடியில். குழந்தையின் பக்கம் இனி எந்த ஊசியும் போகாது, கொடியில் நரம்பு இல்லாததால் வலியும் யாருக்கும் இல்லை.

கொடிக்குள் மூன்று குழாய். இரண்டு தமனி, மெலிசாக, இறுகி, முறுக்கிக்கொண்டு ஓடும். ஒரு சிரை, அகலமாக, மெல்லிய சுவரோடு, கருநீலமாகப் புடைத்துக்கொண்டு தெரியும். அதில்தான் ஊசி போட வேண்டும். கிளாம்புக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு முதலில் ஸ்பிரிட்டாலும் பிறகு அயோடின் அல்லது குளோர்ஹெக்சிடின் மருந்தாலும் துடைக்கிறோம், காயும்வரை காத்திருக்கிறோம். காயாமல் குத்தினால் துடைத்ததற்கே அர்த்தமில்லை. அந்தச் சில விநாடி அவசரத்தில்தான் தோலிலும் கொடியிலும் ஒட்டியிருக்கும் கிருமி பைக்குள் போகிறது. பிறகு அது ஆய்வகத்தில் வளர்ந்து மொத்தப் பையையும் வீணாக்கிவிடும்.

ஊசி தடிமனானது, ரத்த தானத்துக்குப் போடும் ஊசி போல 16 கேஜ். கிளாம்புக்குப் பக்கத்தில் கீழேயே முதலில் குத்துவோம், அங்கே அடைத்துக்கொண்டால் மேலே இன்னொரு தடவை குத்த இடம் மிச்சம் இருக்கும். பையைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் போதும், உறிஞ்ச வேண்டியதில்லை, தானாக இறங்கும். பையில் சிபிடி என்ற திரவம் ஏற்கெனவே இருக்கிறது, ரத்தம் உறையாமல் காப்பது அதுதான். ஆனால் அதுவும் கலந்தால்தான் வேலை செய்யும், ஆகவே ஒரு கையால் ஊசியைப் பிடித்துக்கொண்டே மறு கையில் பையைத் தொட்டில் ஆட்டுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டே இருப்போம். முதல் ஒரு நிமிடம் கருஞ்சிவப்பாகச் சரசரவென்று இறங்கும். கர்ப்பப்பை சுருங்கும்போது ஒரு தள்ளு தள்ளும், பை கனப்பது கையிலேயே தெரியும். அப்புறம் மெதுவாகும். புடைத்திருந்த சிரை தட்டையாகி, கொடி முழுக்க வெளுத்து, ஈரமான வெள்ளைத் துணி முறுக்கு போல ஆகிவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். குழாயை அடைத்து, ஊசியை எடுத்து, குழாயில் நிற்கும் ரத்தத்தையும் பைக்குள் தள்ளி, மறுபடி நன்றாகக் கலக்கி மூடுகிறோம். 60-லிருந்து 120 மில்லி வரை கிடைப்பது சாதாரணம். பெரிய குழந்தைக்கும் கனமான நஞ்சுக்கொடிக்கும் அதிகம் கிடைக்கும்.

சிசேரியனிலும் எடுக்கலாம். நஞ்சுக்கொடியை வெளியே எடுத்த பிறகு இன்னொருவர் அதை ஒரு ஸ்டாண்டில் வைத்து, கொடியைக் கீழே தொங்கவிட்டு எடுப்பதும் ஒரு முறை, சுகப்பிரசவத்திலும் சில வங்கிகள் இப்படித்தான் செய்கின்றன. அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்களின் கவனம் சிதறாது என்பது இதன் நன்மை. வெளியே வந்ததும் ரத்தம் உறைய ஆரம்பித்துவிடும் என்பதால் உடனே எடுக்க வேண்டும்.

அதோடு அம்மாவின் கையிலிருந்தும் சில குழாய் ரத்தம் எடுப்போம். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ் போன்ற தொற்றுகளுக்குப் பரிசோதிப்பது அந்த ரத்தத்தில்தான். லேபிள் ஒட்டுவதைக் கூட இருப்பவர் கவனித்துப் பாருங்கள்: அம்மா பெயர், பிறந்த தேதி, எடுத்த நேரம், பையிலும் குழாய்களிலும் படிவத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். நல்ல பை ஒன்று பெயர் பொருந்தாததால் வீணாவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

பை கிளம்பிய பிறகு

கூரியருக்கு உடனே போன் செய்யுங்கள், விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் வேலை தொடங்கிவிட வேண்டும், நேரம் ஆக ஆகச் செல்கள் சாகும். ஐஸ் வைக்கக் கூடாது, கிட்டில் வந்த வெப்பப் பெட்டியிலேயே போக வேண்டும், எக்ஸ்ரேயில் விடக் கூடாது என்று மேலே எழுதியிருப்பதை மறைக்காமல் ஒட்டுங்கள்.

ஆய்வகத்தில் செல்களை எண்ணி, கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்த்து, எச்எல்ஏ வகை கண்டு, சிவப்பணுக்களையும் பிளாஸ்மாவையும் பெருமளவு நீக்கி 20, 25 மில்லியாகச் சுருக்குவார்கள். உறையும்போது செல்லுக்குள் பனி ஊசிகள் உருவாகிக் கிழித்துவிடாமல் இருக்க டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்ல மெல்லக் குளிர வைத்து, கடைசியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குவார்கள். பையோடு ஒட்டிய சின்னக் குழாய்த் துண்டுகளும் சேர்ந்தே உறையும், பல வருடம் கழித்து இது அதே ரத்தம்தானா, செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பையைத் தொடாமலே சோதிக்க அவை வேண்டும். 27 வருடம் உறைந்திருந்த கொடி ரத்தத்தை உருக்கிப் பார்த்ததில் செல்கள் நன்றாக வேலை செய்தன என்று 2023-ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அதனால் பழசாகிவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

சில வாரத்தில் தனியார் வங்கியிலிருந்து அறிக்கை வரும். சான்றிதழின் அழகைப் பார்க்காமல் எண்களைப் பாருங்கள். பதப்படுத்திய பிறகு மொத்தச் செல் எத்தனை கோடி, சிடி34 என்று குறிக்கப்படும் ஸ்டெம் செல் எத்தனை, உயிரோடு இருப்பவை எத்தனை சதவீதம், கிருமி இல்லை என்று வந்ததா. மொத்தச் செல்லை 2.5 கோடியால் வகுத்தால் எத்தனை கிலோ எடையுள்ள நோயாளிக்கு அது போதும் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். 30 கோடி என்று இருந்தால் 12 கிலோ. அப்படியானால் வருடா வருடம் பணம் கட்டி அதை வைத்திருக்க வேண்டுமா என்று அப்போதே முடிவு செய்யலாம்.

பொது வங்கிக்குக் கொடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் தகவல் எதுவும் வராது. அளவு குறைந்த பைகளை ஆராய்ச்சிக்குத் தருவார்கள், படிவத்தில் அதற்கான சம்மதக் கட்டத்தை டிக் செய்திருந்தால். சேமித்த பை யாருக்குப் போனது என்றும் சொல்ல மாட்டார்கள். அந்தக் குறியீட்டு எண் உள்ள தாளை மட்டும் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு பத்திரமாக வையுங்கள். இரண்டு வயதிலோ ஐந்து வயதிலோ உங்கள் குழந்தைக்கு ரத்த நோயோ, மரபணு நோயோ, எதிர்ப்புச் சக்திக் குறைவோ இருப்பது தெரிய வந்தால், உங்கள் பிள்ளையின் வைத்தியத்துக்கு நடுவிலும் ஒரு போன் செய்து அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். பிறந்த அன்று தெரியாத நோய் அந்தப் பையிலும் இருக்கலாம், அது இன்னொரு பிள்ளைக்கு ஏறுவதற்குள் வங்கிக்குத் தெரிய வேண்டும்.